சீசனுக்கு ஒரு வேப்பங்கொத்து

இந்த வருஷம் சாரல் விழட்டும். குற்றால அருவி பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டட்டும். ஐந்தருவி ஆறருவியாகவே ஆகட்டும். என் வீட்டில் விருந்தாளி என்று ஒருத்தர் இலை முன்னால் உட்காரக் கூடாது. ஆனி மாதக் காற்று தென்காசிக்குள் நுழைந்த அன்றே இப்படிச் சபதம் போட்டேன். பரமேஸ்வரன் சபதம் போட்டால் போட்டதுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வேதனை புரியாது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவன் வீட்டுக்காரன் இல்லை, சத்திரக்காரன். வருஷம் முழுக்கப் பேசாத சொந்தமெல்லாம் சீசன் வந்தால் தோளில் துண்டோடு வந்து நிற்கும். அருவியில் குளித்தால் பசிக்கும். அது சாதாரணப் பசி இல்லை. போன சீசனில் என் மச்சினன் ஞானசம்பந்தம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்தான். இட்லிக் கொப்பரை அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. தேங்காய் எண்ணெயைத் தலைக்கு வேறு தேய்த்துக்கொண்டான். இன்றைக்கு அந்த எண்ணெய் விற்கிற விலைக்கு அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு தேங்காய் உடையும்போதும் என் நெஞ்சும் சேர்ந்து உடைகிறது.

ஆகவே யோசித்தேன். ஆய்க்குடி ரோட்டில் ஒரு வேப்பமரத்தில் நானே ஏறி, நல்ல கொத்தாக ஒடித்து வந்து, வாசல் நிலையில் செருகினேன். வேப்பிலை தொங்கினால் உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். எப்பேர்ப்பட்ட சொந்தமும் படி ஏறாது.

என் மனைவி சண்முகசுந்தரி வெளியே வந்து பார்த்தாள்.

"ஏங்க, யாருக்கு அம்மை?"

"யாருக்கும் இல்ல. உன் தம்பிக்கு போனப் போட்டு, இங்கன அம்மை போட்டிருக்கு, வராதேன்னு சொல்லு."

"யாருக்குன்னு கேப்பான்லா?"

"உனக்குன்னு சொல்லு."

"எனக்குன்னு சொன்னா எங்கம்மா பாத்துக்கிட ஓடி வருவா. ஆடி முடிஞ்சாலும் போக மாட்டா."

"சரி, பிள்ளைக்குன்னு சொல்லு."

"ஸ்கூல்ல உள்ள விட மாட்டாங்க."

"அப்ப எனக்குன்னு சொல்லு ஏட்டி! நான் என்ன அம்மைக்குப் பயந்தவனா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிறகு மாத்திப் பேசக் கூடாது."

"பரமேஸ்வரன் மாத்திப் பேச மாட்டான்!"

அவள் சிரித்தாள். மரியாதையில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் காப்பி வரவில்லை. ஒரு கும்பாவில் கஞ்சி வந்தது.

"என்னட்டி இது? உப்பே இல்ல!"

"அம்மை கண்டவங்களுக்கு உப்பு போடுவாங்களா?"

"எனக்கு அம்மை இல்லைன்னு உனக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு லோகநாயகி அக்காவுக்குத் தெரியாதுலா? மெள்ளப் பேசுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னலில் லோகநாயகி அக்கா. எங்கள் தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் சட்டம் சொல்வது அவர்தான்.

"தம்பி, இந்த வீட்டுல தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. நீ வாசப்படி தாண்டக் கூடாது. தலைக்கு மூணு தண்ணி ஊத்தின பிறகுதான் வெளிய நடமாட்டம். ஆத்தா வெளையாடுதா, கேட்டியா?"

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை முதலாளிக்கும் அவரே போன் செய்து சொல்லிவிட்டார். மூன்று தண்ணீர் ஊற்றாமல் கடைப்பக்கம் வராதே என்று முதலாளி கண்டித்துச் சொல்லிவிட்டார்.

நான் அசரவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லை, ஒரு பத்தைத் தேங்காய் செலவில்லை, ஒரு விருந்தாளி இல்லை. உப்பில்லாத கஞ்சியை மீசையை முறுக்கிக்கொண்டு குடித்தேன். ராத்திரியும் கஞ்சி. மறுநாளும் கஞ்சி. இளநீர் கேட்டேன். விலை கூடிப்போச்சு, சிக்கனமா இருப்போம் என்றாள். என் கொள்கையை என்னிடமே பேசுகிறாளே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கடுத்த மத்தியானம் மூக்கில் வந்து அடித்தது ஒரு வாசனை. சொதி. தேங்காய்ப் பாலைப் பிழிந்து, முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் போட்டு, எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் வைப்பார்களே, அந்தச் சொதி. கூடவே இஞ்சிப் பச்சடி. என் வயிறு என்னை விட்டு எழுந்து நடந்தது. நானும் பின்னாலேயே போய்ப் பின்பக்கச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

லோகநாயகி அக்கா வீட்டு முற்றத்தில் வரிசையாக இலை. தலை ஈரம் காயாமல் என் மச்சினன் ஞானசம்பந்தம், அவன் மனைவி, அவன் பிள்ளைகள், நடுவில் என் பிள்ளை. பரிமாறுவது சண்முகசுந்தரி.

"ஏட்டி! இவன வராதேன்னு சொல்லச் சொன்னேன்லா?"

"சொன்னேனே. அத்தானுக்கு அம்மை, வீட்டுக்கு வராதேன்னேன். அவன் நம்ம வீட்டுக்கா வந்தான்? அக்கா வீட்டு மாடி காலியா கெடந்துச்சு, அங்கன எறங்கிட்டான்."

"நம்ம எண்ணெ டின்னு இங்க என்ன செய்யுது?"

"அம்மை வீட்டுல தாளிக்கக் கூடாதுன்னு அக்கா சொன்னாவல்லா? எண்ணெ, பருப்பு, தேங்கா எல்லாம் அங்கன சும்மா கெடந்து வீணாப் போகுதேன்னு இங்கன கொண்டாந்துட்டேன்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு அம்மைலா?"

பொறுத்தது போதும் என்று பொங்கினேன். வாசலுக்கு ஓடி வேப்பிலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. "கேளுங்க எல்லாரும்! எனக்கு அம்மையே..." என்று ஆரம்பித்தவன் எதிரே பார்த்தேன். தெரு முனையில் முப்பிடாதி அம்மன் கோயில். அம்மன் பேரில் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் இந்தத் தெருவில் எனக்குத் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். "...எறங்கிட்டு!" என்று முடித்தேன்.

லோகநாயகி அக்கா என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா, ஒரு தழும்பு கெடையாது! சுந்தரி, உன் நேர்ச்சை பலிச்சிட்டு!" என்று குலவையிட்டார்.

"என்ன நேர்ச்சை?" என்றேன்.

சண்முகசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவங்களுக்கு ஒரு தழும்பில்லாம எறங்கிட்டா, தெருவுக்கே நம்ம கையால சொதிச் சாப்பாடு போடுதேன்னு அம்மனுக்கு நேந்திருந்தேன்."

தெரு முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதற்காக நான் அடங்கிவிடவில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். முடியாது என்று முழங்க வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கை கழுவிக்கொண்டே மச்சினன் குரல் கொடுத்தான்.

"கவலப்படாதீங்க அத்தான், நேர்ச்சை முடியுற வரைக்கும் நாங்க ஊருக்குப் போகல!"