வெட் என்றால் ஈரமா, மாட்டு டாக்டரா?

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அஜ்மல் அவர்களுக்கு,

திருவண்ணாமலை செங்கம் சாலையிலிருந்து உங்கள் தங்கை வஜீதாவின் கணவன் ஜியாவுல்லா சலாம் சொல்லி எழுதுவது. ஆரணியில் நீங்களும் உங்கள் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே வஜீதா நலம். கீழே மெத்தைக் கடை நலம். ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் மாடி அறைகள் மூன்றும் நலம். நலமில்லாதவன் நான் ஒருவன்தான். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் போனை எடுத்தால் உங்கள் தங்கை எதிரே வந்து உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள். பேச்சைக் கேட்பதற்கு இல்லை, நாக்கு எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு. ஆகவே கடிதம்.

எல்லாவற்றுக்கும் காரணம் வேங்கிக்காலில் தேவிப்ரியா டீச்சர் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணி. ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், போகட்டும்’ என்று பெரிய மனசு பண்ணி அனுப்பியவனும் நான்தான். முதல் நாள் திரும்பி வந்தவளிடம், "ஏ பி சி டி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டேன். "ஏ பி சி டியே கெடையாதுங்க. ஒரு மாசத்துக்கு எழுத்தோட பேரையே சொல்லக் கூடாதாம். சத்தம் மட்டும்தான்" என்றாள். நான் ஒன்பதாவது வரை படித்தவன், இருபத்தாறு எழுத்தையும் பின்னாலிருந்து முன்னால் சொல்லுவேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "டபுள்யூன்னு ஒரு எழுத்து இருக்குதே, அந்தப் பேருக்குள்ள அதோட சத்தம் எங்க இருக்குது, காட்டுங்க" என்றாள். தேடினேன் மச்சான். ட இருக்கிறது, ப இருக்கிறது, ள் இருக்கிறது, யூ இருக்கிறது. வேண்டியது மட்டும் இல்லை. "நம்ம க-வுக்குப் பேரும் க, சத்தமும் க. அதுங்களுக்குப் பேரு வேற, வேலை வேற" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு கம்மி, சத்தம் ஜாஸ்தி. ஒரு சத்தத்துக்கு நாக்கைப் பல்லுக்கு நடுவில் நீட்ட வேண்டுமாம். அதைக் கதவருகே நின்று பழகியபோது பால்காரர் மணி எதிரில் வந்துவிட்டார். "பாய், நாலு வருஷமா தண்ணி கலக்காம ஊத்துறேன், அம்மா என்னைப் பார்த்து நாக்கைத் துருத்துறாங்க" என்று கடை வாசலில் நின்று கண் கலங்கினார். இன்னொன்றுக்குக் கீழுதட்டைக் கடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு ராஜம்மாள் பல்வலி என்று நினைத்துக் கிராம்புத் தைலம் கொடுத்தனுப்பினார். அதே ராஜம்மாள்தான் போன செவ்வாய்க்கிழமை எங்கள் குளியலறைப் பக்கமிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று விடாமல் கேட்பதாகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார். கையில் கொக்கியோடு மூன்று பேர் வந்து இறங்கினார்கள். "பாம்பு எங்கங்க?" என்றார்கள். வஜீதா ஈரத் தலையோடு வெளியே வந்து, "பாம்பு இல்லீங்க, எஸ்" என்றாள்.

இதையும் பொறுத்தேன். என் பெயரில் கை வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜியாவுல்லாவின் ‘ஜி’ இங்கிலீஷில் கடைசி எழுத்தான இஸட்டாம், வண்டு ரீங்காரம் போல இழுக்க வேண்டுமாம். என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் ‘ஸ்ஸ்ஸ்’ என்பதைத் தொண்டை அதிர அதிரச் சொல்கிறாள். எதிர்க்கடைக்காரர் என்னைத் தேனீ பாய் என்கிறார்.

இப்போது நடந்த பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் அயர்லாந்திலிருந்து நோரா என்று ஒரு வயதான அம்மா தங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஓடிவந்து, "வெட்! வெட்! ப்ளீஸ்!" என்றார். போய்ப் பார்த்தேன், பலகைக் கட்டிலைக் காட்டினார். மெத்தை நனைந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். மெத்தை வியாபாரி வேறெதைப் புரிந்துகொள்வான்? தடவிப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. ஆறுதலாக, "நோ வெட், மேடம். ஒன்லி ட்ரை" என்றேன். அவர் அழ ஆரம்பித்தார். இரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தேன். இன்னும் பெரிதாக அழுதார். மெத்தையைத் தூக்கிப்போய் மொட்டை மாடி வெயிலில் போட்டேன். குழாய் ரிப்பேர்க்காரரை வரச் சொன்னேன். அவர் வந்து கூரையை அண்ணாந்து பார்க்கிறார், நான் சுவரைத் தட்டுகிறேன், அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் வஜீதா வகுப்பு முடிந்து வந்தாள். வந்தவள் என்னைக் கேட்கவில்லை. அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்த்தாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று கையைக் காட்டினாள். அவர் சொன்னார். "ஏங்க! ஈரத்துக்கு உதட்டைக் குவிக்கணும், இவங்க கடிக்கிறாங்க! ஈரம் இல்லீங்க, மாட்டு டாக்டரு! டாக்டரைக் கேக்குறாங்க!" என்று கத்திக்கொண்டே குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அங்கே ஒரு தெருநாய்க் குட்டி, வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தது. நாய்க்கு அனுமதி இல்லை என்று நான் எழுதி மாட்டியிருந்ததால் அந்த அம்மா ஒளித்து வளர்த்திருக்கிறார். ‘நாய்’ என்று வாயைத் திறக்கப் பயம்.

இரண்டு பெண்களும் குட்டியை என் துண்டில் சுற்றி ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். தொண்டையில் கோழி எலும்பு. டாக்டர் எடுத்துவிட்டார். குட்டி பிழைத்தது. நான் பிழைக்கவில்லை. நான் காய்ந்திருக்கிறது என்று சொன்ன ‘ட்ரை’, அந்த அம்மா காதில் ‘முயற்சி செய்’ என்று விழுந்திருக்கிறது. டாக்டரே கிடையாது, நீயே முயற்சி செய் என்று ஒரு கிழவியிடம் சொல்லித் துண்டும் கொடுத்திருக்கிறேன் மச்சான்.

அன்று சாப்பிடும்போது வஜீதா மெதுவாகக் கேட்டாள்: "பதினோரு வருஷமா மாடியில வந்து தங்குறவங்க என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். எவ்ளோ தப்பாத் தெரிஞ்சிருக்கும்?" ஒருமுறை ஒருவர் ‘பேட், பேட்’ என்று அலறியபோது, அறை மோசம் என்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டு வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தேனே, அது வௌவாலாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

மாடியில் யாரும் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. நேராக, "வஜீதா!" ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, அண்ணன் என்ற உரிமையோடு, படித்தது போதும் என்று உங்கள் தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் வார்த்தையை அவள் தட்டமாட்டாள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும் குழந்தைகளுக்கு என் பிரியமும் சேரட்டும். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், எனக்கு இழந்த மரியாதையையும் தரட்டும்.

இப்படிக்கு,
ஜியாவுல்லா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வகுப்பிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடலாம் என்று நானே வேங்கிக்கால் போனேன். தேவிப்ரியா டீச்சர், "உக்காருங்க சார், ரெண்டு நிமிஷம்" என்றார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். திரும்பி வந்ததும் மாடிக்குப் போய், "வெரி வார்ம் வாட்டர் வேணுமா மேடம்?" என்று கடிக்க வேண்டியதைக் கடித்து, குவிக்க வேண்டியதைக் குவித்துக் கேட்டேன். நோரா அம்மா, "யெஸ், ப்ளீஸ்" என்றார். அவ்வளவுதான். ‘சாரி?’ என்று திருப்பிக் கேட்கவில்லை. பதினோரு வருஷத்தில் என்னிடம் ‘சாரி?’ கேட்காத முதல் வெளிநாட்டுக்காரர். படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், யாரிடமும் சொல்லாதீர்கள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். ஆண்களுக்குத் தனி வகுப்பு தொடங்க டீச்சருக்கு இன்னும் ஓர் ஆள் தேவைப்பட்டது, உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். வரும்போது வாயைப் பார்த்துப் பழகக் கைக்கண்ணாடி ஒன்று கொண்டுவாருங்கள், எங்கள் வீட்டுக் கண்ணாடி எந்த நேரமும் காலியாக இருப்பதில்லை.