பெரிய மாப்பிள்ளை முடுக்கிய செயின்

கார் கம்பெனியில் வேலை செய்பவனை வீட்டு ரிப்பேருக்குக் கூப்பிடக் கூடாது. அவனாக வந்தாலும் காபி கொடுத்து உட்கார வைத்துவிட வேண்டும். ஒரகடத்தில் லைனில் நின்று சக்கர நட்டு முடுக்குவது என் வேலை. முடுக்கினால் சரியாகாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பிள்ளைப்பாக்கத்தில் மாமனார் வீட்டுக்கு என் மச்சினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ராகு காலத்துக்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். முந்தைய நாள் மழையில் முருங்கை மரம் கேட்டை அடைத்துக்கொண்டு விழுந்து கிடந்தது. (ஆமாம், முருங்கைதான். அரிவாளே போதும்.) ஆனால் அந்த வீட்டுப் புது மாப்பிள்ளையான நான் அரிவாளோடு நின்றால் மரியாதை என்ன ஆவது? கம்பெனித் தோட்டக்காரரிடம் மரம் அறுக்கும் மெஷினைக் கேட்டு வாங்கிவந்தேன்.

செயின் லேசாகத் தொங்கியது. அது போதாதா எனக்கு? கை வலிக்கும்வரை முடுக்கி, லைனில் செய்கிற பழக்கதோஷத்தில் முடுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடும் போட்டேன். ஸ்டார்ட் செய்தால் மெஷின் கத்தியது, புகை வந்தது, செயின் மட்டும் அசையவில்லை. எப்போது அறுக்கத் தொடங்கும் என்று மாமனார் பணிவாக விசாரித்தார். பதற்றத்தில் தளர்த்தினேன். தாராளமாகவே தளர்த்திவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த ஸ்டார்ட்டில் செயின் பிளேடை விட்டுக் கழன்று தொங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தானா மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நிற்க வேண்டும்? ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமியாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மச்சினியின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று அழுகையே வந்துவிட்டது.

பார்க்க வந்த பையனே காரிலிருந்து இறங்கினார். அவர்களுக்கு மண்ணூரில் சவுக்குத் தோப்பு உண்டாம். பட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டு, மெஷினை அணைத்து, செயினை மாட்டி, திருகாணியைக் கொஞ்சமாகத் திருகினார். பிறகு துணியால் செயினைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் முதலில் கை வலிக்க முடுக்கிய கதையை மாமனார் அதற்குள் அவரிடம் சொல்லிவிட்டார்.

"இன்னாத்துக்குண்ணே இப்டி முடுக்கிக்கினு கீறீங்க? பிளேட்ல ஒட்டிக்கினு இருக்கணும், இழுத்தா ஓடணும். அவ்ளோதான்."

மரம் நாலு துண்டானது. ராகு காலத்துக்கு முன் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். தலையெல்லாம் மரத்தூளோடு வந்த பையனை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டு, காபித் தட்டை எடுப்பதற்கு முன்பே மச்சினி சம்மதம் சொல்லிவிட்டாள். அந்தக் கல்யாணம் என்னால்தான் நடந்தது என்று நான் சொன்னால் யாரும் மறுப்பதில்லை, சிரிக்கிறார்கள்.

இன்றும் அவர்கள் கல்யாண வீடியோவைப் போட்டால், தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்தையும் மீறி மாமனார் குரல் கேட்கும்: "முடிச்சு போடறப்ப பெரிய மாப்ளைய கிட்ட வுடாதீங்க. பொண்ணு மூச்சு வுடணும்."