கார்க் கதவு மறுபடியும் கத்துவதற்கு எண்ணெய் கேட்டு

உடப்புசல்லாவை,
தை மாதம், 1961

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை கணேசமூர்த்தி அவர்களுக்கு, மாமனார் சோலைமலை எழுதிக்கொள்வது. முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். வரி எல்லாம் மேல்நோக்கி ஏறுகிறது. வாழ்நாள் முழுக்க மலை ஏறியவனுடைய கை, தட்டையாகப் போக அதற்குத் தெரியவில்லை. ஒரு வரி முடிவதற்குள் ஒரு வாய் வெற்றிலை கரைந்துவிடுகிறது. ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். வாசிப்பு வகுப்பு நடத்துகிற ஜெயமலர் டீச்சர் பக்கத்தில்கூட இல்லை. இங்கே எல்லாரும் நலம். அட்டனில் நீங்களும் மகள் சண்முகவடிவும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். எல்லாரும் நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, நான் மட்டும் அவ்வளவு நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான். கோபிக்க வேண்டாம், சொல்கிறேன்.

முட்டி தேய்ந்த பிறகு எனக்குப் பங்களாவில், தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற தொரையின் காரைத் துடைக்கிற இலேசு வேலை கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் காரில் தொரை இறங்குகிற பக்கத்துக் கதவு, திறந்தால் பன்றியைப் பிடித்த மாதிரி கத்தும். ஒருநாள் தொரை, "சோலைமலை, இந்தக் கதவு சத்தம் நிப்பாட்டு. இல்லாட்டி வேற ஆள் போடுறது" என்று சொல்லிவிட்டார். நான் பயந்துபோய், வீட்டில் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயைக் கீலிலும் பூட்டு ஓட்டையிலும் தாராளமாக ஊற்றினேன். சத்தம் நின்றது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. எண்ணெய் மெழுகாக உறைந்து, சாவியும் நுழையவில்லை, கதவும் அசையவில்லை. அந்த நெட்டைத் தொரை மறுபக்கம் ஏறி, காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். எண்ணெய்ப் போத்தலைத் தினமும் அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்க்கிறவன் நான். என் தலைக்கு மேலே தெரிந்த விஷயம் தலைக்குள்ளே இறங்கவில்லை.

அப்புறம் ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெசினுக்குப் போடுகிற கறுப்புக் கிரீசை ஒரு சிரட்டை நிறைய வாங்கி வந்து அப்பினேன். கதவு பாதி வாயை மூடியது. ஆனால் தொரையின் வெள்ளைக் கால்சட்டையில் என் கைவேலை நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான், கராஜில் வேலை செய்கிற மாப்பிள்ளை இருக்கிறாரே என்று மகள் மூலம் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். நீங்களும் சின்ன டின்னில் மெல்லிய மெசின் எண்ணெயும் ஒரு கடிதமும் அனுப்பினீர்கள். பழைய கிரீசை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்கணும், கீலில் சொட்டு சொட்டாக விட்டுக் கதவை ஆட்டணும், வழிகிறதைத் துடைக்கணும், பூட்டு ஓட்டைக்குள் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், பென்சில் கரியைப் பொடித்துப் போடணும், கதவு கொக்கியில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவணும் என்று எழுதியிருந்தீர்கள். நான் தனியாகப் படித்த முதல் கடிதம் அதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை வைத்துப் படித்து, சொன்ன மாதிரியே செய்தேன். கதவு பூனை நடக்கிற மாதிரி திறந்தது. தொரை சிரித்து, தன் பழைய கோட்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீங்களே என்னைத் தொரை என்று கும்பிட்டிருப்பீர்கள்.

கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. தொரை பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டே கொழுந்து பறிக்கிற மலைக்கு வருவார். கார் வருகிறது யாருக்கும் கேட்காது. கதவு கத்தினால்தான் கேட்கும். குளிருக்கு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் அதைக் கேட்டதும் எழுந்து கொழுந்து கிள்ளுவார்களாம். இத்தனை வருசமும் அந்தக் கதவுதான் அவங்களுக்குக் காவல் என்கிற சங்கதி, லயத்தில் எனக்கு மட்டும் தெரியாமல் போச்சு. அன்றைக்குத் தொரை சத்தமில்லாமல் இறங்கிப்போய் நெருப்புக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அத்தனை பேருக்கும் அரைப் பேர். அதாவது பாதிநாள் கூலி போச்சு. அதில் உங்கள் மாமியார் பேச்சியம்மாவும் ஒருத்தி.

சாயந்திரம், லயத்தில் சுவர் ஒட்டின பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற வீரம்மா வாசலில் வந்து நின்று, "என்னா மாமா, கதவு வாயக் கட்டிப்புட்டீங்களாமே? எங்க வயித்தையும் சேத்துல்ல கட்டிட்டீங்க" என்றாள்.

"நான் எண்ணெதான புள்ள போட்டேன்" என்றேன்.

"அத ஒங்க முட்டியில போட்டுருந்தா புண்ணியமாப் போயிருக்கும்."

உங்கள் மாமியார் உள்ளேயிருந்தே, "அவருதான் எழுத்துப் படிச்சுட்டாருல்ல. கைநாட்டு வச்சுக்கிட்டு இருந்த காலத்துல கதவு நல்லாத்தான் கத்துச்சு" என்றாள்.

அதிலிருந்து எனக்கு வருகிறது தேத்தண்ணி இல்லை, வெறும் சுடுதண்ணி. லயத்தில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தொரை கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனால் நாய்கூட ஒதுங்குகிறது. கதவு கத்தினால் என் வேலை போகும், கத்தாவிட்டால் என் சோறு போகும், நான் என்னத்தைச் செய்யிறது மாப்பிள்ளை? மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிப் பார்த்தேன், அடுப்புச் சாம்பலைத் தூவிப் பார்த்தேன். உங்கள் எண்ணெய் அவ்வளவு நல்ல எண்ணெய், கதவு ஒரு முனகல்கூட இல்லை. ஆகையால் பங்களாவில் திறந்தால் கத்தாமல், மலையில் திறந்தால் மட்டும் கத்துகிற எண்ணெய் ஏதாவது உங்கள் கராஜில் இருந்தால் உடனே அனுப்பி வைக்கவும். நான் கேட்கிறது கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரிகிறது. எழுதியதை அழிக்கிற வித்தையை டீச்சர் இன்னும் சொல்லித்தரவில்லை.

மகளுக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் இருக்க வேணும். அடுத்த வாரமும் எழுதுவேன். வீட்டில் யாரும் என்னோடு பேசாததால் எழுதுவதற்கு நிறைய நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
சோலைமலை (கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகிற சமயம் பொன்னையா கங்காணி வந்து சொல்கிறார், தொரை காரைக் கொடுத்துவிட்டு ஜீப்பு வாங்கிவிட்டாராம். மேலே கித்தான் துணிக் கூரை, பக்கத்தில் கதவே கிடையாதாம். எண்ணெய் அனுப்ப வேண்டாம். இந்தச் சேதியைக் கேட்டதும் உங்கள் மாமியார் என்னோடு பேசிவிட்டாள், நல்ல தேத்தண்ணியும் கொடுத்தாள். ஜீப்பில் வேறு எந்த இடத்தைக் கெடுத்தால் நன்றாகக் கத்தும் என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொல்லுகிறாள்.