அறுபத்தொரு தடவை பார்த்த வீடு

"ஏனுங்க தம்பி, என் விளம்பரம் என் ஊட்டு டிவியிலயே வரலீங்களே!"

மாதேஸ்வரன் போனில் கத்தியதில் ஏற்காட்டு மலைக் கிராமமான மஞ்சக்குட்டையே திரும்பிப் பார்த்தது. வீட்டையொட்டிய அவருடைய ஹோம்ஸ்டேயில் நான்கு அறைகள். நான்கிலும் குளிர் மட்டும் தங்கியிருந்தது. இந்த மே மாதமும் ஆள் வராவிட்டால் அறைகளில் காப்பி மூட்டைதான் என்று மனைவி சரஸ்வதி தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அதனால் அவளுக்குத் தெரியாமல் இந்த விளம்பரம்; அவள் தோட்டத்துக்குப் போன நேரமாகப் பார்த்து இந்த போன்.

சேலத்து விளம்பர நிபுணன் தினேஷ் விளக்கினான். "இது பழைய டிவி இல்லீங்கண்ணா. ஆப்புல படம் பார்க்கறவங்க எந்த ஊரு, என்ன தேடறாங்கன்னு கம்ப்யூட்டரே பார்த்து, நொடியில ஏலம் எடுத்து விளம்பரம் போடும். நாம சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் குடுத்திருக்கோம்."

"என் கண்ணுல படாத விளம்பரத்த நான் எப்படீங்க நம்பறது?"

நியாயமான கேள்வி. ஏற்காட்டுக்காரர்களை ஏற்காட்டுக்கே சுற்றுலா அழைக்கும் புரட்சி அன்றே தொடங்கியது.

மறுநாள் அவர் வீட்டு டிவியிலேயே விளம்பரம் வந்தது. தகரக் கூரை ஓட்டுக் கூரையாகியிருந்தது. கோழிக்கூண்டு இருந்த இடத்தில் நீச்சல் குளம். பெயர், 'மேக மாளிகை'.

"கம்ப்யூட்டர் கொஞ்சம் அழகுபடுத்திருச்சுங்கண்ணா."

"கொஞ்சமா? என்னையும் ஒருக்கா அதுக்குள்ள போட்டு எடுங்க தம்பி."

வாரக் கடைசியில் அறிக்கை வந்தது. "சென்னையும் பெங்களூரும் கைவிரிச்சிருச்சுங்கண்ணா. ஆனா ஏற்காட்லயே ஒரு ஊடு அறுபத்தொரு தடவை முழுசாப் பார்த்திருக்குது. தனி ரூமு, நிம்மதின்னு தினமும் தேடறாங்க."

"யாருங்க அந்தப் புண்ணியவான்?"

"அதை மட்டும் கம்ப்யூட்டரு சொல்லாதுங்க. அந்த ஊட்டுக்கு மட்டும் பாதி வெலைன்னு போடலாமா?"

போட்டார்கள். அசையவில்லை. சாப்பாடு இலவசம் என்றார்கள். ம்ஹூம். கடைசியில், 'சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், யாரும் கூப்பிட மாட்டார்கள்' என்று தினேஷ் ஒரு வரி சேர்த்தான். பத்தே நிமிடத்தில் பவித்ரா என்ற பெயரில் மூன்று நாளுக்கு அறை பதிவானது.

விருந்தாளி வரும் நாளன்று சரஸ்வதி, சேலத்து அக்கா வீட்டுக்குப் போவதாகப் பையைத் தூக்கினாள். சாமியே வழிவிட்டது என்று மாதேஸ்வரன் பூரித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக வீடு கூட்டினார், சமைத்தார், கோழிகளை விரட்டினார். சலவை வேட்டியும் கையில் ரோஜா மாலையுமாக வாசலில் நின்றார்.

உள்ளூர் டிரைவர் முருகனின் வாடகை ஜீப் வந்து நின்றது. பின்சீட்டில் பையை மடியில் வைத்தபடி சரஸ்வதி.

முருகன் போனில் வழிகாட்டும் வரைபடத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "புருசன் மூஞ்சியில முழிக்காம மூணு நாள் இருக்கோணும்னு அக்கா மக பவித்ராகிட்டச் சொல்லி இவங்க புக் பண்ணின மேக மாளிகை இதுதானுங்களாண்ணா?"