ஆட்டுக்கு மட்டும் அனுமதி

நம்பாட்டி விடு, இந்திராதேவி. எனக்கென்ன பொய் சொல்லி வரப்போகுது? பாரிசிலை, லா சப்பல்லை, நகைக்கடைக்கு மேலை இருக்கிற மண்டபத்திலை, மொழித்தூய்மைக் குழு கூடி, வீட்டுத் தமிழ் கதைக்க ஒரு ஆட்டுக்கு மட்டும் அனுமதி குடுத்தது. ரெண்டு கண்ணாலையும் பார்த்தனான். ஒரு கண் அப்பதான் ஒப்பரேசன் செய்தது, அந்த டொக்டரின்ரை கதை வேறை, பிறகு சொல்லுறன்.

ஜமேக்காவிலை மிஸ் டெல்ரீன் எண்டு ஒரு மனுசி, பிள்ளையளுக்குக் கதை எழுதிறவ. ஒரு கதையிலை, அம்மா சேர்ச்சுக்குப் போடுற தொப்பியை ஆடு திண்டுபோடும். மகள்காரி ஆட்டோடை சண்டை பிடிப்பாள். ஆனா ஒருத்தரும் பள்ளிக்கூட இங்கிலீசு பேசாயினம். அந்தச் சனம் வீட்டிலை கதைக்கிற கிரியோல்தான்.

எங்கடை பூரணி அதை எங்கடை வீட்டுப் பேச்சிலை தமிழாக்கினவள். இஞ்சை பிறந்ததுகளுக்கு விளங்கிற தமிழ் அதுதானே. என்ன கேட்டாலும் பிரெஞ்சிலை மறுமொழி சொல்லுற என்ரை பேத்தி சாம்பவி, பூரணி வாசிக்க விழுந்து விழுந்து சிரிச்சாள்.

அச்சடிக்கிறது எங்கடை தமிழ்ச் சங்கம். அதுக்குக் குழு சம்மதிக்க வேணும். தலைவர் குலசேகரம் கண்ணாடியைப் போட்டார்.

"'அம்மா, ஆடு தொப்பியைத் திண்டுபோட்டுது!' இதென்ன தங்கச்சி?"

"சின்னப்பிள்ளை கதைக்குது, அண்ணை."

"உப்பிடியும் கதைக்கிறதோ?"

"நீங்கள் இப்ப எப்பிடிக் கதைக்கிறியள்?"

"வாயிலை வாறது வேறை, அச்சிலை வாறது வேறை. அச்சிலை எல்லாரும் படிச்சவை."

திருத்தினார்: 'அந்தோ, அன்னையே! தங்கள் தலையணியை ஆடானது உட்கொண்டுவிட்டதே!' குழு கை தட்டினது.

"ஏழு வயசுப் பிள்ளை எங்கை அண்ணை உப்பிடிக் கத்தும்?"

"பேச்சுப்போட்டியிலை கத்துதுகள்தானே!"

அது உண்மை. ஒரு சொல்லும் விளங்காமல் பாடமாக்கி முழங்கி, கப்போடை வாறதுகள். செவ்ரானிலை இருக்கிற அற்புதராணியின்ரை பெடி, ரயிலிலை ரிக்கெட் பார்க்கிறவன் மறிக்க, பயத்திலை "அவையோரே!" எண்டு துவங்கினவன்.

அம்மாவைத் திருத்தியாச்சு, கதையிலை வாற மீன்காரியைத் திருத்தியாச்சு. கடைசியா ஆடு.

"ஆட்டையாவது விடுங்கோ அண்ணை" எண்டு பூரணி கெஞ்சினாள்.

"ஆடு பள்ளிக்கூடம் போனதோ?"

"இல்லை."

குழு கன நேரம் யோசிச்சுத் தீர்மானம் போட்டுது: 'கல்வி பெறும் வாய்ப்பு அமையாத காரணத்தால், மேற்படி ஆடு மாத்திரம் கொச்சையாக உரையாட இத்தால் அனுமதிக்கப்படுகிறது.'

வெளியீட்டுக்கு மிஸ் டெல்ரீனே வந்தா. பூரணி வாசிச்சாள். 'அந்தோ' எண்ட உடனை பிள்ளையள் போனை எடுத்திட்டுதுகள். பிறகு ஆடு வாயைத் திறந்துது: "பசிச்சுது, திண்டனான். இப்ப என்னடி? கொம்மா தொப்பிக்குக் கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம்!" மண்டபமே அதிர்ந்துது.

மிஸ் டெல்ரீன் இங்கிலீசிலை சொன்னா: "சொல் விளங்காட்டியும் தொனி விளங்குது. ஆடு என்ரை ஊர்க்காரி மாதிரியே கதைக்குது. மற்றவை என்ரை தலைமை வாத்தியார் மாதிரி. கிரியோல் கதைச்சதுக்கு அந்தாளிட்டை எவ்வளவு அடி வாங்கினனான்! இஞ்சையும் வந்திட்டாரோ?"

பூரணி அதைத் தமிழிலை சொல்ல, குலசேகரத்தாருக்கு முகம் மலர்ந்துது. "தலைமை வாத்தியார் மாதிரியோ? நன்றி சொல்லு, பிள்ளை!"

அந்த நாள் துவக்கம் வீட்டுக்கு வீடு ஆட்டுக்கதைதான். சாம்பவி என்னட்டை வந்து, "அம்மம்மா, பசிக்குது, தொப்பி கிடக்கோ?" எண்டாள். தமிழிலை! கேட்டுப் பூரணி அழுதேபோட்டாள்.

குழு சும்மா இருக்குமோ? திரும்பக் கூடினது. இந்த வருசம் பேச்சுப்போட்டியிலை 'ஆட்டுப் பிரிவு'. ஆட்டின்ரை வசனத்தை அச்சொட்டாய்ப் பாடமாக்க வேணும். சிரிச்சால் புள்ளி குறையும்.

நீ சிரியாதை, இந்திராதேவி. உன்ரை பேரனின்ரை பேரும் போட்டிக்குக் குடுத்திருக்கிறாய், எனக்குத் தெரியும். போன வருசம் கப்பை லெ பிளாங்-மெனில் ஊர்ப் பிள்ளையள் கொண்டு போட்டுதுகள், இந்தமுறை விடமாட்டன். சாம்பவி விடிய எழும்பிப் பாடமாக்கிறாள். இப்ப சிரிப்பே வாறதில்லை அவளுக்கு, நல்ல பிள்ளை.

எடி மகள் துஷாந்தி! வாசலிலை பார்சல்காரன் வைச்சிட்டுப் போன ஆட்டுக்கொம்பை உள்ளை கொண்டு வா, சாம்பவிக்குக் கட்டிப் பாப்பம்!