சிலுவைப் பாதையில் ஒரு கலியாணக் கதிரை

சிலுவைப் பாதை நல்ல காரியமா, செத்த வீடா? போன தவக்காலத்தில் பந்தல் அண்ணை என்னிடம் கேட்ட கேள்வி இது. ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவள் நான். இன்னும் பதில் தெரியவில்லை.

கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் பந்தல் போடுகிற பந்தல் அண்ணையின் தகரமும் கதிரையும் இறங்காத வீட்டு வளவு உரும்பிராயில் கிடையாது. எங்கள் ஊர்ச் சனம் உலகத்துக்கு வருவதும் போவதும் அவருடைய கூரைக்குக் கீழேதான். அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அவருடைய பந்தலுக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. நின்றால் இருக்கச் சொல்லிக் கதிரையோடு பின்னால் வந்துவிடுவார். ஒருமுறை தாலி கட்ட எழும்பிய மாப்பிள்ளைக்குப் பின்னாலும் கதிரை வந்தது. மாப்பிள்ளை பதற்றத்தில் அதிலேயே இருந்துவிட்டார். ஐயர் முகூர்த்தம் போகிறதென்று கத்திய பிறகுதான் எழும்பினார்.

போன முறை எங்கள் கோயில் பங்கில், இயேசுவின் பாடுகளை நினைத்து நடக்கும் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும் ஊரவர்களே இன்றைய துன்பங்களாக வரைந்தும் செய்தும் ஒழுங்கை நெடுக வைப்பதென்று முடிவானது. இயேசு மூன்று முறை விழும் நிலைகளைத் பக்கத்துத் திருநெல்வேலியில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கம்பஸ் பொடியன்கள் எடுத்தார்கள். சாக்குக்குள் வைக்கோல் அடைத்து மூன்று ஆளளவு உருவங்கள். தாயைச் சந்திக்கும் நான்காம் நிலை எனக்கு. வெளிநாட்டிலிருக்கும் மகனின் முகத்தைத் தொலைபேசியில் பார்க்கும் தாயை வரைந்தேன். வரைந்த பிறகு, இது போதாதோ, கூடிவிட்டதோ என்று நித்திரையில்லை.

நிழலுக்குச் சின்னப் பந்தல்கள் போட வந்தவர்தான் பந்தல் அண்ணை. அவர் சைவம். குருத்தோலையில் குருவிகள் மடித்துத் தோரணம் கட்டும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"நல்ல காரியமெண்டால் நாலு குருவி, செத்த வீடெண்டால் மூண்டு. எதைக் கட்டுறது, பிள்ளை?"

நான் பாதரிடம் அனுப்பினேன். பாதர் "ரெண்டும்தான்" என்றாராம்.

"அவருக்கும் தெரியேல்லை" என்று சொல்லிக்கொண்டு வந்து, ஒழுங்கையின் ஒரு பக்கம் கலியாணத் தோரணமும் மற்றப் பக்கம் செத்த வீட்டுத் தோரணமும் கட்டினார். அன்று முழுவதும், ஸ்கூட்டியில் போனவர்களில் பாதிப்பேர் கலியாணப் பொம்பிளை ஆரென்று கேட்டார்கள். மீதிப்பேர் பிரேதம் எப்ப எடுக்கிறது என்று கேட்டார்கள்.

எனக்கோ வேறு கவலை. மகளுக்கு நாலு வயது. சிலுவையோடு விழுந்து பாடுபடும் இயேசுவின் சுரூபத்தைக் கண்டால் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துவிடுவாள். "விழுந்தவரை ஏன் ஒருத்தரும் தூக்கேல்லை?" என்று கேட்டு அழுவாள். கூட்டிப் போனால் பயந்துவிடுவாள். வீட்டில் விடவும் ஆளில்லை. இதை அண்ணையிடம் சொன்னேன். "ம்" என்றார். துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பெரிய வெள்ளி காலை. முதல் இரண்டு நிலைகளிலும் மகள் கண்ணைத் திறக்கவேயில்லை. மூன்றாம் நிலைக்கு வந்தோம். விழுந்து கிடக்க வேண்டிய சாக்கு மனிதர் சிவப்பு வெல்வெற் கலியாணக் கதிரையில் சாய்ந்திருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்பு மோர்.

"அண்ணை, இவர் நிலத்தில கிடக்கவேணும்" என்று கம்பஸ் பொடியன் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"எவ்வளவு நேரம் கிடக்கிறது, தம்பி? விடியத் தொடங்கி இந்த வெக்கைக்கை கிடக்கிறார்."

"அதுதானே அண்ணை கருத்து."

"கருத்து உம்முடையது. பந்தல் என்ரை. என்ரை பந்தலுக்கை ஒருத்தரையும் நிலத்தில கிடக்க விடன்."

பாதர் புத்தகத்தைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். "இயேசு முதல் முறை கீழே விழுகிறார்" என்று குரல் நடுங்காமல் வாசித்தார். பின்னால் ஒரு மாமி சிரிப்பை இருமலாக்கினார். உடனே பவனி முழுவதும் இருமத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் மகள் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, தூக்கிட்டினம்" என்றாள்.

நான்காம் நிலையில் என் ஓவியத்துக்குக் கீழே ஒரு சார்ஜர் தொங்கியது. "கதைக்கேக்கை பற்றறி முடிஞ்சால் அந்த மனிசி என்ன செய்யும்?" என்று அண்ணையின் விளக்கமும் கிடைத்தது. ஏழாம் நிலைக்குப் பொடியன்கள் முன்னால் ஓடிப்போய் மனிதரை நிலத்தில் கிடத்தினார்கள். அண்ணை வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் கதிரையோடு புகுந்து, நாங்கள் போவதற்குள் அவரை இருத்திவிட்டார். அங்கே ஆர் முந்தியது என்று பார்க்க, ஒன்பதாம் நிலைக்குச் சனம் வழமையைவிட வேகமாக நடந்தது. அது பாவமோ என்று எனக்கு இன்னும் யோசனை.

பன்னிரண்டாம் நிலையில் எல்லோருக்கும் பயம். சிலுவையில் இருப்பவருக்கு இவர் என்ன கொண்டுவரப் போகிறாரோ? ஒன்றும் கொண்டுவரவில்லை. தோளில் கிடந்த துவாயை, கோயிலில் நிற்பதுபோல இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். தன் பந்தலுக்குள் அவர் சும்மா நின்றதை அன்றுதான் கண்டேன். மகள் போய் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

இந்த முறை படைப்புகளில் ஒருவரும் கைவைக்கக் கூடாதென்று குழு முடிவெடுத்திருக்கிறது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதை அவரிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "பிள்ளை, இந்த முறை வெயில் கூடுதல். கதிரையளுக்குப் புதுத் துணி போட்டிருக்கிறன்."

"ஓம் அண்ணை" என்றுவிட்டு வந்துவிட்டேன். "பந்தல் மாமா வந்தால்தான் நானும் வருவன்" என்கிறாள் மகள்.

வாசகர்களே, யாராவது ஒரு வழி சொல்லுங்கள். குழுவின் சொல்லும் தவறக் கூடாது, அண்ணையின் மனமும் நோகக் கூடாது. கதிரைகள் மட்டும் எப்படியாவது வந்து சேர்ந்துவிட வேண்டும்.