நாலாவது பாட்டில் ஒரு துடிப்பு

பிரடெரிக் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டான். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஜன்னலைச் சாத்தியாயிற்று. அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், கொஞ்சம் சத்தமில்லாமல் ஆயும்படி சொல்லித் திட்டும் வாங்கியாயிற்று. புல்லாங்குழல் வந்தது. வயலின் வந்தது. துடிப்பு மட்டும் வரவில்லை.

"இல்லவே இல்லையே!" என்று முனகினான்.

"எதுடா இல்ல?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

இல்லாத அந்தத் துடிப்பைப் புகழ்ந்துதான் முந்தின நாள் ராமநாதபுரம் பின்னணி இசை மன்றத்தில் அவன் நீளமாக எழுதித் தள்ளியிருந்தான்.

மன்றம் என்றால் கட்டடமோ கொடியோ கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். சினிமாவோ வீடியோ கேமோ, எதற்கு இசை ஆல்பம் வந்தாலும் மறுநாளே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். வார்த்தை வந்தாலே இசை கெட்டது என்று ஒரு கட்சி. பாட்டே இல்லாத ஆல்பம் பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கேட்கத்தான் லாயக்கு என்று எதிர்க்கட்சி. திருப்புல்லாணி விவசாயி நாகநாதன், வில்லன் நடந்து வரும்போது போடும் இசையைத் தவிர வேறெதையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தையல்கடை அம்ரீன் படமே பார்க்க மாட்டாள். ஆல்பத்தைக் கேட்டுவிட்டுக் கதையைச் சொல்லிவிடுவாள், பெரும்பாலும் தப்பாக. இத்தனை பேரையும் கட்டி மேய்க்கும் அட்மின் ஷெரின்.

பாம்பன் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த பிரடெரிக், மன்றத்தில் சேர்ந்தது இசைக்காக. வெளியேறாமல் இருந்தது ஷெரினுக்காக. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. "யாருக்கும் கேக்காதது ஒனக்கு மட்டும் கேக்குதுடா" என்பாள். இந்தக் காதை விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று பிரடெரிக்கும் யோசித்துப் பார்த்திருக்கிறான். எதுவும் அகப்படவில்லை.

அந்தக் காதுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"மூழ்கிய கோட்டை" என்று ஒரு கேம். கடலுக்கடியில் போய்ப் பூதங்களை வெட்டுகிற விளையாட்டு. அதன் இசை ஆல்பம் வந்த அன்றைக்குச் சர்ச்சில் பூசை முடிந்ததும் பிரடெரிக் தன் கூட்டாளி பாக்கரோடு கடலுக்குப் போயிருந்தான். பாக்கர் படகு மெக்கானிக். ரிப்பேர் பார்த்த ஒரு நாட்டுப்படகைக் குருசடைத் தீவுப் பக்கம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். பிரடெரிக்கும் தொற்றிக்கொண்டான். காதில் ஹெட்போன், எஞ்சின் பெட்டிமேல் முதுகு, கண்கள் மூடியபடி ஆல்பம் முழுவதையும் கேட்டான். நாலாவது பாட்டு பாதியைத் தாண்டியபோது சிலிர்த்துப்போனான். கரைக்கு வந்த கையோடு எழுதினான்:

"புல்லாங்குழலுக்கு அடியில், கடலின் ஆழத்திலிருந்து ஒரு துடிப்பு எழும்புகிறது. தட், தட், தட். இது எல்லாருக்கும் கேட்காது. கேட்கிறவர் பாக்கியவான்."

வீட்டுக்கு வந்து அமைதியாகக் கேட்டபோதுதான் விளங்கியது. அந்தத் துடிப்பைப் போட்டது இசையமைப்பாளர் இல்லை, பாக்கரின் டீசல் எஞ்சின்.

உடனே உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் கிண்டலோடு போயிருக்கும். ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்த மன்றத்தில் பாக்கியம் கெட்டவனாக இருக்க ஒருவரும் தயாராக இல்லை.

"இப்பத்தான் டிராக்டர் ஓட்டிக்கிட்டே கேட்டேன். அடேயப்பா, உடம்பே அதிருது!" என்று நாகநாதன் குரல்பதிவு போட்டார். பின்னால் டிராக்டர் உறுமியது.

"மிஷின்ல தச்சுக்கிட்டே கேட்டேன். மாஷா அல்லாஹ், மெல்லிசா, பொடிப்பொடியா கேக்குது. கதாநாயகி சாகப்போறா" என்றாள் அம்ரீன்.

பிரடெரிக் குழுவை மூடிவைத்தான். ஷெரினிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று போன் போட்டான்.

"ஷெரின், அந்த நாலாவது பாட்டுல..."

"எனக்கும் கேட்டுச்சுடா!" என்று குறுக்கிட்டாள் அவள். "மொதல்ல கேக்கல. ரூமைச் சாத்திக்கிட்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில கேட்டுருச்சு. அழுதுட்டேன் தெரியுமா?"

"அழுதியா?"

"ஆமா. நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. சாப்ட்டியானு கேக்க வந்தேன்."

அவன் போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். இனிமேல் உண்மையைச் சொன்னால் அவன் பொய்யன் என்பதோடு போகாது, அவளும் பொய்க்காரி என்று ஆகும். அவள் அழுதது உண்மை. அதைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ஆகவே ஒரு யோசனை செய்தான். "சாதாரண ஹெட்போனில் அந்தத் துடிப்பு சரியாகக் கேட்காது, விட்டுவிடுங்கள்" என்று மன்றத்தில் போட்டான். யாரும் விடவில்லை. ஆளாளுக்குப் புது ஹெட்போன் வாங்கினார்கள். வாங்கியவர்கள், போட்ட காசு வீணானது என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், முன்னைவிடப் பலமாகக் கேட்பதாக எழுதினார்கள்.

அடுத்த யோசனை அதைவிட மோசம். "கம்பெனிக்காரர்கள் பாட்டை மாற்றிவிட்டார்கள் போல. நான் கேட்டது பழைய பதிவு. இப்போது துடிப்பை எடுத்துவிட்டார்கள்" என்று எழுதினான். இதோடு ஆளுக்கொரு பக்கம் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தான்.

நாகநாதன் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "எவன்யா எடுத்தது? விடக்கூடாது!" என்று ஆரம்பித்து, கேம் கம்பெனியின் பக்கத்தில் போய் எல்லாரையும் ஒரே வாசகத்தை எழுதவைத்தார்: "எங்கள் துடிப்பைத் திருப்பிக் கொடு." சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து தங்கள் துடிப்பையும் திருப்பிக் கேட்டார்கள்.

கடைசியில் இசையமைப்பாளர் குருநாதனே பதில் போட்டார்.

"துடிப்பை யாரும் எடுக்கவில்லை. வரும் ஞாயிறு அம்மாவைத் தீர்த்தமாட ராமேஸ்வரம் அழைத்து வருகிறேன். அதை முதலில் கண்டுபிடித்த ரசிகரை நேரில் பார்க்க வேண்டும்."

மன்றமே பட்டாசு வெடித்தது. பிரடெரிக் அதைப் படித்துவிட்டு ஐஸ் கம்பெனியிலேயே வியர்த்தான். ஆள் நேரில் வந்து, பாட்டைப் போட்டுக் காட்டி, "எங்கேடா துடிப்பு?" என்று நாலு பேர் முன்னால் கேட்கப்போகிறார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அன்று சாயங்காலம் ஷெரின் போன் செய்தாள்.

"அப்பாட்ட சொல்லிட்டேன்."

"எதை?"

"நம்ம விசயத்தைத்தான். சொந்தப் படகு இருக்கானு கேட்டாரு. இல்ல, காது இருக்குனு சொன்னேன். சிரிச்சாரு. 'பாட்டுக் கேக்குறதெல்லாம் ஒரு தெறமையா?'னாரு. மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் அவனைப் பாக்கவே வாராருனு சொன்னேன். 'அப்படியா? நானும் வாரேன். அவன் காதை நானும் பாக்குறேன். சரினு பட்டா பேசுவோம், இல்லைனா இந்தப் பேச்சை இதோட விட்ரணும்'னுட்டாரு."

ஷெரினின் அப்பா சவேரியார் விசைப்படகு வைத்திருப்பவர். கரையில் முதுகைக் காட்டி நின்றபடியே, தூரத்தில் வருவது யாருடைய படகு, எஞ்சினில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்பது பாம்பன் முழுக்கத் தெரிந்த கதை. பிரடெரிக்குக்கும் தெரியும். ஆனால் பயத்தில் இருக்கிறவனுக்கு வேண்டியது வேண்டிய நேரத்தில் ஞாபகம் வருமா?

அவன் நேரே பாக்கரிடம் ஓடினான்.

"மச்சான், நீதான் காப்பாத்தணும். ஞாயித்துக்கெழம கடலோரத்து மீனவர் சங்கக் கட்டடத்துல பாட்டுப் போடுறாங்க. அன்னைக்கு நாம போன படகை அதுக்குப் பின்னாடி கட்டிப்போட்டுக்க. நான் மிஸ்டு கால் குடுத்ததும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு. மெதுவா ஓடணும். தட், தட், தட்."

பாக்கர் அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஏலே, கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"கல்யாண விசயம் மச்சான்!"

"அந்த எஞ்சினு நேத்துல இருந்து மக்கர் பண்ணுது மாப்ள."

"எப்படியாச்சும் ஓட்டிரு."

"இன்ஷா அல்லாஹ், பாக்குறேன்" என்றான் பாக்கர்.

ஞாயிற்றுக்கிழமை மீனவர் சங்கக் கட்டடம் நிரம்பிவிட்டது. திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய ஸ்பீக்கர்களை ஷெரின் ஏற்பாடு செய்திருந்தாள். நாகநாதன் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி எல்லாரையும் வரவேற்றார். குருநாதன் மெலிந்த மனிதர். தீர்த்தமாடிய ஈரம் தலையில் இன்னும் காயவில்லை. பிரடெரிக்கின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"நீங்கதானா அது? பாட்டைக் கேப்போம். அப்புறம் பேசிக்கலாம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று பிரடெரிக்குக்குப் பிடிபடவில்லை.

கடைசியாகச் சவேரியார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெளியே ஏதோ ஒரு வள்ளம் கடந்து போனது. அவர் திரும்பாமலே, "தர்மராஜு படகு. எஞ்சின்ல நாசில் அடைச்சிருக்கு" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

பிரடெரிக்கின் ரத்தம் ஐஸ் கம்பெனி ஐஸாக உறைந்தது. எஞ்சின் ஓடினால் இந்த மனிதர் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்! பாக்கர் பெயரோடு சேர்த்துச் சொல்லிவிடுவார்!

உடனே பாக்கரைத் தடுக்க வேண்டும். போனை எடுத்தவன் விரலை நிறுத்தினான். கூப்பிட்டால் அதுதானே சைகை! வேண்டாம் என்று சொல்லக் கூப்பிட்டாலும் எஞ்சின் ஓடும். அவசரமாக ஒரு செய்தி அனுப்பினான்: "மச்சான் வேணாம்." போய்ச் சேர்ந்த அடையாளமே காட்டவில்லை. எழுந்து வெளியே போகப் பார்த்தான். குருநாதன் கையை விட்டால்தானே?

விளக்கை அணைக்காத குறையாக எல்லாரும் அமைதியானார்கள். நாலாவது பாட்டு ஆரம்பித்தது.

புல்லாங்குழல் வந்தது. வயலின் வந்தது. கூப்பிடவே கூடாது என்று பிரடெரிக் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டு பாதியைத் தாண்டியது. நாகநாதன் அவனைப் பார்த்தார். அம்ரீன் அவனைப் பார்த்தாள். ஷெரின் கண்ணை மூடி, கைகளைக் கோத்து, நற்கருணைக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் நம்பிக்கையைத் தவிர வேறொன்றுமில்லை. இந்த முகம் வாடுவதைப் பார்ப்பதைவிட அடிவாங்கிச் சாகலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

சட்டைப்பைக்குள் விரலை விட்டு அழுத்திவிட்டான்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, புல்லாங்குழலுக்கு அடியில், தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெல்ல எழும்பியது.

தட். தட். தட்.

"ஆகா!" என்றார் நாகநாதன். அம்ரீன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷெரின் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிரடெரிக்குக்கே மயிர்க்கூச்செறிந்தது. என்ன பதம், என்ன நிதானம்! வாழ்க்கையில் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வராத பாக்கர், இன்றைக்குத் தாளம் தப்பாமல் ஓட்டுகிறானே!

பாட்டு முடிந்ததும் குருநாதன் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"இந்தத் துடிப்பை வைக்க மூணு மாசம் தூங்காம உழைச்சேன்" என்றார். "இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் இல்லாம எங்க கம்பெனியிலேயே யாருக்கும் கேக்கல. இந்தத் தம்பி ஒருத்தருக்குத்தான் கேட்டுது!"

பொய் சொல்வதில் தனக்கு ஒரு பெரியப்பா கிடைத்துவிட்டார் என்று பிரடெரிக் வாயைப் பிளந்தான். எஞ்சின் சத்தத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறாரே! ஆனாலும் கண்டம் முழுசாகத் தாண்டவில்லை. முன்வரிசையில் சவேரியார் தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க மாமா" என்று எழுந்தான் பிரடெரிக்.

"சின்ன வயசுல இருந்து எத்தனையோ சத்தம் கேட்டவன் நான். ஆனா இந்த அடி இருக்கே..." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இங்கனல்ல வந்து விழுகுது! இது என்ன மேளம்னே எனக்குப் புடிபடல. இதை மொத ஆளா நீ கேட்டிருக்கன்னா, லேசுப்பட்டவன் இல்ல. அடுத்த ஞாயிறு அம்மா அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

ஷெரின் எல்லார் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகநாதன் விசிலடித்தார். பிரடெரிக்குக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல், எல்லாரையும் விலக்கிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் ஓடினான்.

பாக்கர் எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். கை முழுக்கக் கிரீஸ், சட்டை முழுக்க வியர்வை.

"மச்சான்!" பிரடெரிக் படகில் தாவி அவனைக் கட்டிக்கொண்டான். "உசுரைக் காப்பாத்திட்டடா! எங்க மாமாவாலேயே கண்டுபுடிக்க முடியல. என் புள்ளைக்கு ஒன் பேரைத்தான் வைக்கப்போறேன்!"

பாக்கர் அவனை விலக்கி, குற்றவாளி மாதிரி தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காத மாப்ள. ஹேண்டிலைச் சுத்திச் சுத்திக் கையே கழண்டுருச்சு, எஞ்சினு கடைசி வரைக்கும் ஸ்டார்ட்டே ஆகல."